திரும்பிப் பார்க்காத ஸ்டாப்பர்

எங்கள் அணியின் கோல்கீப்பருக்கு ஆவணியில் கல்யாணம் என்று தெரிந்தபோது, பெண் வீட்டாருக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருக்கும். வடபழனி முருகன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். அதே ஞாயிறு, அதே காலை, எங்களுக்கு மேட்ச். போட்டி நடத்துகிறவர்களிடம் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தார்கள். "கல்யாணத்த வேணா மாத்துங்கம்மா, கிரவுண்டு மறுபடி கெடைக்காது" என்று பதில் வந்தது. ஆக, கோல் போஸ்ட் காலி.

அந்த இடத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருந்தவள் நான்.

நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் கவுண்டரில் நிற்கிறவள். கால்பந்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடியிருக்கிறேன், அவ்வளவுதான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மாநகராட்சி மைதானத்தை விடிகாலையில் சுற்றிச் சுற்றி வருவேன். நடுவில் பெண்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள். ஒருநாள் பந்து நேராக என் முகத்துக்கு வந்தது. யோசிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன், பிடித்த வேகத்திலேயே திருப்பி எறிந்தேன். எறிபந்தில் அப்படித்தான், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் விசில் ஊதிவிடுவார்கள். பந்து பறந்துபோய் அந்தப் பக்கம் நின்ற அவர்களுடைய மேனேஜர் கையில் விழுந்தது. அவள் பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கும் வருவீங்களாக்கா?"

"நான் நடக்கத்தாம்மா வரேன்."

"நடந்தே வாங்க. வந்து இங்க நில்லுங்க."

அப்படித்தான் நான் அந்த கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் மேனேஜர் சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்தவள், தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. என்னைவிடச் சின்னவள். மாநில அணிக்கு ஆடியவள், முழங்கால் போனதால் விளையாட்டை விட்டவள். வாயைத் திறக்க மாட்டாள். "நீ பேசறதுல கொஞ்சம் அந்தப் பொண்ணுக்குக் குடுத்தா ரெண்டு பேரும் ஒடம்புக்கு நல்லா இருப்பீங்க" என்பார் என் கணவர். நானோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் மருமகள் குணத்தைத் தெரிந்துகொள்கிற ரகம். யாராவது அழகாக ஒரு வார்த்தை சொன்னால் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து வீட்டில் அவிழ்ப்பேன்.

ஆனால் வந்து நின்றதோடு சரி. பயிற்சியில் எப்போதும் இரண்டாவது அணிக்குத்தான் நான் கோல்கீப்பர். மேட்ச் என்றால் வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் பார்த்துக்கொள்வேன். எங்கள் கோல்கீப்பர் பெண் கெட்டிக்காரி, அவளுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காது. வீட்டில் என் நாத்தனார் தினமும் காலையில் கோலம் போட்டுக்கொண்டே கேட்பாள்:

"இன்னா அண்ணி, பந்து பொறுக்கப் போறியா?"

முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதில் பொய் இல்லையே. காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து மூடி வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பந்து பொறுக்கிவிட்டு, ஓடிவந்து கடைக்கு பஸ் பிடிக்கிறவளை வேறு என்னவென்று சொல்வது? அதனால் ஆவணி மேட்ச் வந்தபோது மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். இந்த ஒரு தடவை என்னை நிறுத்தினால் சரி. இல்லாவிட்டால் மைதானத்துக்கு ஒரு கும்பிடு. சர்க்கரைக்கு நடக்க வேறு தெரு இல்லையா என்ன?

என்னை நிறுத்துவார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஒன்றுமில்லை. வலது ஓரத்தில் ஓடுகிற ஒரு பெண் இருந்தாள், மயிலாப்பூர்க்காரி, கல்லூரியில் படிக்கிறாள். முன்னே ஒரு மேட்சில் கோல்கீப்பருக்கு அடிபட்டபோது இவள் கையுறை போட்டுக்கொண்டு சமாளித்திருக்கிறாள். மேட்ச் பார்த்தவள், ஒருமுறை நின்றவள். நான் நின்றதே இல்லாதவள். டிவியில் பெரிய பெரிய அணிகளின் மேனேஜர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு கோட்டோரம் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைப்பது, புதுசாக ஒரு ஆளை உள்ளே அனுப்பும்போது அந்த மனுஷன் எதைப் பார்த்து அனுப்புகிறான் என்றுதான். ஆடாதவன் ஆட்டத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்த வாரம் எங்கள் மேனேஜர் என்னை முதல் அணியின் பக்கம் மாற்றினாள். எனக்கு முன்னால் ஸ்டாப்பராக நிற்கிறவள் எங்கள் அணியிலேயே பெரிய ஆள். மயிலாப்பூரில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறாள். வீட்டில் உருது, வெளியில் அசல் மெட்ராஸ். அவளைத் தாண்டி வந்தால்தான் பந்து என்னிடம் வரும். அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்பதை மறைக்கிற பழக்கமும் இல்லை. பந்து தூரத்தில் இருக்கும்போதே திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

"இன்னாக்கா, கீறியா? கடைக்குப் போய்ட்டியா?"

"இருக்கேம்மா, இருக்கேன்."

திங்கட்கிழமையே நான் மானத்தை வாங்கிவிட்டேன். பந்தைப் பிடித்தேன், பழைய எறிபந்துக் கை சும்மா இருக்கவில்லை. பிடித்த நொடியில் ஆளில்லாத இடம் பார்த்து எறிந்துவிட்டது. எறிபந்தில் ஆளில்லாத இடத்தில் விழுந்தால் நமக்கு பாயிண்ட். இங்கே எதிரணிப் பெண் ஓடிவந்து எடுத்து, நன்றிகூடச் சொல்லாமல் கோல் போட்டாள். ஸ்டாப்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, நீ எந்த டீமு? சொல்ட்டு ஆடு. பொடவையா இது, மடிச்சுக் குடுத்து வாங்கம்மான்றதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்குக் கூச்சம் வந்தால் பேச்சு அதிகமாகும். பந்து எங்கே போனாலும் கூடவே என் வாயும் போக ஆரம்பித்தது. கால்பந்துக்காரர்கள் கத்துகிற வார்த்தைகள் எனக்குத் தெரியாது. தெரிந்தது கவுண்டர் பேச்சு. "எடது பக்கம் ஒரு கஸ்டமர் வராங்க, பாத்துக்கோங்க! பின்னாடி இன்னொருத்தர் நிக்கிறாங்கம்மா, கவனிக்கலயா நீங்க? இத நான் பாத்துக்கறேன், நீங்க அடுத்தவங்களப் பாருங்க!" முகூர்த்த சீசனில் தி. நகர் கூட்டத்துக்கு நடுவே மாடிப்படி வரைக்கும் கேட்கிற குரல் அது. அடுத்த தெருவில் பால்காரர் திரும்பிப் பார்த்தார்.

மேனேஜர் அந்த வாரம் முழுக்க எனக்குப் பின்னால், வலையை ஒட்டி நின்றாள். என் ஆட்டத்தைப் பார்க்கத்தான் நிற்கிறாள் என்று உயிரைக் கொடுத்துப் பாய்ந்தேன். ஒரு பந்தை விரல் நுனியில் தள்ளிவிட்டு ஆசையோடு திரும்பினால், அவள் கண் என்மேல் இல்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதேதான். கீழே விழுந்தாலும் பிடித்தாலும் பாராட்டு இல்லை, திட்டும் இல்லை, பார்வையே இல்லை.

எனக்கு மனசு விட்டுப்போனது. கடையில் எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். புதுசாக வந்த பெண் எந்தப் புடவையை எடுக்கிறாள், எப்படி விரிக்கிறாள் என்று பார்த்தபடியே இருப்பார். திடீரென்று ஒருநாள் பார்ப்பதை நிறுத்திவிடுவார். எங்களுக்குள் அதற்கு ஒரு பேச்சு உண்டு: அண்ணாச்சி கண்ணை எடுத்துட்டாருன்னா ஒண்ணு சம்பளம் ஏறும், இல்லாட்டி ஆளு இறங்கும். என் விஷயத்தில் இரண்டாவதுதான் என்று நானே தீர்மானம் செய்துகொண்டேன். வாரக் கடைசிக்குள் ஸ்டாப்பரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தாள். சரி, இவளும் கைகழுவிவிட்டாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் பதினொரு பேரைச் சொன்னாள். கடைசியில்தான் கோல்கீப்பர்.

"கோல்ல அக்கா."

எந்த அக்கா என்று நான் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். ஸ்டாப்பர் தலையில் அடித்துக்கொண்டாள். "இங்க வேற யார்க்கா கெழவி? நீதான்."

அண்ணாச்சியிடம் லீவு கேட்பது மேட்சைவிடக் கஷ்டமாக இருந்தது. "ஆவணி மாசத்துல ஞாயித்துக்கெழம லீவு கேக்குத மொத ஆளு நீதாம்மா" என்றார். "சொந்தத்துல கல்யாணமா?"

"தெரிஞ்ச பொண்ணுக்குக் கல்யாணம் அண்ணாச்சி. ஆனா லீவு அதுக்கில்ல. மேட்ச்சுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பொய் சொல்லியிருந்தால் சுலபமாகக் கொடுத்திருப்பார் என்று அந்தப் பார்வையே சொன்னது. "மத்தியானம் கவுண்டர்ல நிக்கணும், பாத்துக்க."

ஞாயிறு காலை அடையாறு பக்கத்து மைதானம். ராத்திரி பெய்த தூறலில் கோல் போஸ்ட் முன்னால் சேறு. தோற்றால் போட்டியை விட்டு வெளியே. டிரா செய்தால்கூடப் போதும், அடுத்த சுற்று. என் கணவர் ஆட்டோவை மதில் ஓரமாக நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றார். கூட நாத்தனாரும் வந்திருந்தாள், பொறுக்குவதை நேரில் பார்க்க.

முதல் கால்மணி நேரம் பயத்தில் என் வாய் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் அப்படி ஒரு மௌனத்தை நான் அனுபவித்ததே இல்லை. உயரமாக ஒரு பந்து வந்தது. நல்ல பந்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து மணல் தரையில் நிற்கிற மாதிரி, பிடித்த வேகத்தில் ஆளில்லாத இடம் பார்த்து வீசிவிட்டது. எதிரணிக்காரி ஒருத்தி அங்கே ஓடிவந்தாள். ஒரே உதை. வலை ஆடியது.

ஸ்டாப்பர் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு உதைத்தாள். அது திட்டுவதைவிட மோசம். மதில் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

இடைவேளை வந்தபோது வலது ஓரத்துப் பெண் மாற்றுக் கையுறையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே எடுத்திருந்தாள். அதில் தப்பும் இல்லை. நான் என் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தேன். மேனேஜர் வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஸ்டாப்பரிடம் கேட்டாள்.

"என்ன சொல்ற?"

ஸ்டாப்பர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முழுசாகக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்தாள். அந்த நேரத்துக்குள் நான் மைதானத்தை விட்டு விலகி, அடுத்த நாள் நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வது என்பது வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

"யக்கா இருக்கட்டும்" என்றாள். "இவ பேசமாட்டேன்றா இன்னிக்கி. அதான் பிரச்சன. பேசினா, பின்னாடி யாரு வர்றாங்கன்னு எனக்குக் கழுத்தத் திருப்பாமலே தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "யக்கா, உன் வாய எங்க அடகு வெச்சுட்டு வந்த? போய் மீட்டுக்கினு வா. அப்புறம் பந்தப் புடிச்சா, 'வாங்கம்மா உக்காருங்க, இன்னா கலர்ல பாக்கறீங்க'ன்னு மனசுக்குள்ள ஒருவாட்டி சொல்லு. சொல்ட்டு எறி."

மேனேஜர் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். மயிலாப்பூர்ப் பெண் கையுறையை என் பக்கத்தில் வைத்தாள். "அப்பாடா! நேக்கு இந்தச் சேத்துல விழறதே பிடிக்காதுக்கா. நீங்களே நில்லுங்கோ. ஈரமாயிருந்தா இத மாட்டிண்டுருங்கோ, காய்ஞ்சதா இருக்கு." பிடிக்காது என்றது பொய். நின்று ஜெயிக்க ஆசைப்படாத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று சொன்ன பொய் அது. அந்தக் காய்ந்த கையுறைக்குள் கையை விட்டபோது கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் சேறு.

இரண்டாம் பாதியில் நான் வாயை மூடவே இல்லை. "வலது பக்கம் கஸ்டமர்! அவங்கள விடுங்கம்மா, சும்மா பாக்க வந்தவங்க! நடுவுல, நடுவுல ஒருத்தங்க வெலை கேக்கறாங்க!" ரெஃப்ரி ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, "என்னம்மா இது?" என்றார். ஸ்டாப்பர் பதில் சொன்னாள்: "எங்க பாஷ சார், நீங்க ஊதுங்க." பந்து கையில் வந்தபோதெல்லாம் வாங்கம்மா உட்காருங்கம்மா என்று முனகினேன். எறியத் துடிக்கிற கை அடங்கியது. அதற்குள் எங்கள் ஆட்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள், நிதானமாக உருட்டிவிடுவேன்.

ஓடிக்கொண்டேயிருந்த மயிலாப்பூர்ப் பெண் ஓரத்திலிருந்து உள்ளே புகுந்து ஒரு கோல் போட்டாள். ஒன்றுக்கு ஒன்று. இனி காப்பாற்றினால் போதும்.

கடைசியில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எங்கள் கோல் முன்னால் நவராத்திரிக் கொலு மாதிரி கூட்டம். பந்து உயர்ந்து வளைந்து வந்தது, நேராக ஸ்டாப்பர் தலைக்கு. அவள் எட்டினால் முட்டித் தள்ளலாம். உரசினால் எங்கள் வலைக்குள்ளேயே போகலாம். அவள் குதிக்கக் காலை மடக்கினாள். நான் கத்தினேன்: "விடுங்க, என்னோடது!"

அவள் திரும்பவில்லை. நான் எங்கே இருக்கிறேன், வந்துவிட்டேனா, எட்டுமா என்று எதையும் பார்க்கவில்லை. மடக்கிய காலோடு தலையை மட்டும் தாழ்த்தினாள், தாழ்வான வாசற்படியில் நுழைகிறவள் குனிகிற மாதிரி. பந்து அவள் கொண்டையைத் தாண்டி என் கைக்குள் வந்தது. நான் அதன்மேல் விழுந்து, சேற்றில் புரண்டு, இறுக்கிக்கொண்டேன். மேலே யார் யாரோ விழுந்தார்கள். வாங்கம்மா, உட்காருங்கம்மா, என்ன கலரில் பார்க்கிறீர்கள் என்று இருக்கிற நிறமெல்லாம் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார்கள்.

ஜெர்ஸியோடேயே எல்லாரும் வடபழனிக்குப் போனோம். முகம் மட்டும் கழுவியிருந்தோம். தாலி கட்டி முடிந்திருந்தது. மணப்பெண் மாலையும் கழுத்துமாக எங்களைப் பார்த்ததும் புருஷனை விட்டுவிட்டு முதலில் கேட்டது, "என்னாச்சு?" என்றுதான்.

பந்திக்குக் காத்திருக்கும்போது மேனேஜர் பக்கத்தில் இடம் பிடித்தேன். "ஒரு வாரமா என்னத் திரும்பியே பாக்கலியேம்மா. பின்ன எத நம்பி நிறுத்தின?"

"பொய் சொல்லமாட்டேன்க்கா" என்றாள். "அந்தப் பொண்ண கோல்ல நிறுத்தினா, கோல் அடிக்க ஆளில்ல. அது பாதி."

"மீதி பாதி?"

"உங்களப் பாத்து நான் என்ன தெரிஞ்சிக்கறது? புதுசா வர்றவங்க யாரா இருந்தாலும் ப்ராக்டீஸ்ல ஒருநாள் நல்லா ஆடுவாங்க, ஒருநாள் சொதப்புவாங்க. நான் முன்னாடி நிக்கறவங்களதான் பாப்பேன். திங்கக்கெழம அவ நிமிஷத்துக்கு ஒருவாட்டி திரும்பினா. வெள்ளிக்கெழம திரும்பவேயில்ல. உங்க குரலே போதும்னு இருந்தா. அவ நம்பினா எனக்குப் போதும். மேட்ச்சுல உங்க முன்னாடி நிக்கப்போறது அவதான, நானா?"

அவள் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். நான் கைகழுவிவிட்டாள் என்று நினைத்த ஸ்டாப்பர், எதிரே அப்பளம் இன்னொன்று கேட்டு யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றி சொல்லலாம் என்று எழுந்து போனேன். "இன்னாக்கா, அழுவறியா? அப்பளம் வாங்கிக் குடுத்துட்டு அழு" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன் என்று யோசித்தால், அந்தக் குனிந்த தலைதான் முதலில் வருகிறது. என் வீட்டார்கூட என்னை அப்படிப் பார்க்காமல் நம்பியது கிடையாது.

கிளம்பும்போது மேனேஜர் சொன்னாள், "அடுத்த ஞாயிறுக்கு லீவு கேட்டு வெச்சிருங்கக்கா. இவளுக்கு மறுவீடு இருக்கு."

"அவ திரும்பி வந்தப்புறம்?"

"வரட்டும். அப்ப பாப்போம். அன்னிக்கி யாரு நல்லா ஆடறீங்களோ அவங்க."

மதியம் சொன்னபடி கவுண்டரில் நின்றேன். காதுமடலில் சேறு காய்ந்திருந்ததை அண்ணாச்சிதான் காட்டினார்.

"செயிச்சாச்சா?"

"டிரா அண்ணாச்சி."

"கோலு விட்டியா?"

"ஒண்ணு விட்டேன். முழுசா என் தப்பு." மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்போதே கேட்டுவிட்டேன். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் லீவு வேணும் அண்ணாச்சி."

அவர் மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே வைத்தார். "உன் தப்புல கோலு போன பெறவும் கூப்புடுதாவளா?"

"கூப்பிடறாங்க."

"அப்ப நல்ல எடந்தாம்மா" என்றார். "போயிட்டு வா."